மண் தின்னும் மீனும் தரங்கம்பாடிப் பாதிரியாரும்

தஞ்சாவூர்க்காரன் வரலாறு எழுதினால் ராஜராஜன் வருவார், பெரிய கோயில் வரும், நாயக்கரும் மராட்டியரும் பின்னாலேயே வருவார்கள். இந்த முறை மீன் தொட்டியின் வரலாறு. சிரிக்காதீர்கள் நண்பர்களே, இதிலும் ஒரு தஞ்சாவூர் நாயக்கர் வருகிறார், ஒரு டேனிஷ் கோட்டை வருகிறது, மேட்டூர் அணையும் வருகிறது.

கொஞ்ச வருடங்களாக நம் ஊர் மீன் கடைகளிலும் ஒரு புதுப் பெயர் அடிபடுகிறது. "ஜியோபேகஸ்" என்பார்கள், இல்லாவிட்டால் "எர்த் ஈட்டர்". தென் அமெரிக்க மீன். அமேசான், ஒரினோகோ, சூரினாம் பக்கத்து ஆறுகளில் வாழ்வது. ஜியோ என்றால் கிரேக்கத்தில் மண், பேகஸ் என்றால் தின்பது. பெயர்தான் அப்படி, உண்மையில் இது மண்ணைத் தின்பதில்லை. வாய் நிறைய மணலை அள்ளுகிறது. தொண்டையில் வைத்துக் குலுக்குகிறது. புழு, சிறு பூச்சி, அழுகிய இலைத் துணுக்கு எல்லாம் உள்ளே நின்றுவிட, வெறும் மணல் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் புகைபோலக் கொட்டுகிறது. பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. உயிரியல்காரர்களும் இந்தச் செயலுக்குத் "தூற்றுதல்" என்ற அர்த்தம் வரும் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இந்த மீனை ஏன் பிடிக்கிறது என்று இப்போது புரிந்திருக்குமே!

இந்த மீன் சிக்லிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பெயரிடப்பட்டவை மட்டும் 1,700 இனங்களுக்கு மேல். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென், நடு அமெரிக்காவிலும் இருக்கின்றன. இந்தியாவுக்கு இயல்பாக உரியவை மூன்றே மூன்று. அதில் ஒன்று கர்நாடகத்தோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் நமக்கு அறிமுகமானவை. ஒன்று கரிமீன் (கேரளத்தில் வாழையிலையில் பொதிந்து பொரிப்பார்களே, அதேதான். 2010-ல் கேரள அரசு இதை மாநில மீனாக அறிவித்தது). இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும் சின்ன மஞ்சள் மீன். மலையாளத்தில் பள்ளத்தி, மீன் கடையில் ஆரஞ்சு குரோமைடு. இரண்டும் ஆறு கடலோடு கலக்கும் உப்பு நீரிலும் வாழும், நல்ல தண்ணீரிலும் வாழும்.

சூரினாமின் மண் தின்னி, நம் கரிமீன், பள்ளத்தி - மூன்றுக்கும் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ஒரே ஆள். ஆறு வருட இடைவெளிக்குள், ஒரே புத்தக வரிசையில். அந்த ஆளுக்கு மீன் அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமான ஒருவர் உட்கார்ந்திருந்த இடம் மாயவரத்துக்குக் கிழக்கே இருக்கும் தரங்கம்பாடி.

அந்த ஆளின் பெயர் மார்க்கஸ் எலியேசர் ப்ளாக். 1723-ல் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்து பெரியவனான பிறகுதான் ஜெர்மன் மொழியையும் லத்தீனையும் கற்றுக்கொண்டார் என்கிறார்கள். பெர்லினில் மருத்துவர் ஆனார், நல்ல பெயர், நல்ல வருமானம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மீன் பைத்தியம் பிடித்தது. 1782-லிருந்து 1795 வரை பன்னிரண்டு தொகுதிகள், கையால் வண்ணம் தீட்டிய 432 படங்கள். இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மீன் செதிளில் வெள்ளிப் பளபளப்பைக்கூட விடாமல் கொண்டுவந்திருப்பார்கள்.

ஆனால் ப்ளாக் ஐரோப்பாவை விட்டு வெளியே வந்ததே இல்லை. வெளிநாட்டு மீன் எல்லாம் அவர் காசு கொடுத்து வாங்கியது, அல்லது நண்பர்கள் அனுப்பியது. இங்கேதான் தரங்கம்பாடி வருகிறது.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706-ல் சீகன்பால்கு வந்தார், அச்சு இயந்திரம் வந்தது, இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் இல்லாதது, அதே ஊர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செடி கொடி, பூச்சி, சிப்பி, மீன் என்று எதையாவது சேகரித்துக்கொண்டே இருந்த ஊர் என்பது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-ல் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்தார். நம் கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் இருக்கும் "கோனிகி" இவர்தான். தினமும் சாம்பாரிலிருந்து எடுத்து ஓரம் வைக்கிறோமே, அது ஒரு தரங்கம்பாடி டாக்டரின் பெயர் தாங்கிய இலை :-)

கோனிக்குக்கு மூன்று வருடம் கழித்து, 1771-ல் வந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். பாதிரியார், பள்ளிக்கூடம் நடத்தியவர், 1813-ல் அங்கேயே இறந்தவர். நாற்பத்திரண்டு வருடம் காவிரிக் கடைமடையில் இருந்த மனிதர். ஓய்வு நேரத்தில் அவர் செய்தது மீன் சேகரிப்பு. பதப்படுத்திய மீன்களையும் அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ப்ளாக் நன்றி மறக்கவில்லை. கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கே 1793-ல் "ஜானியஸ்" என்று பெயர் வைத்தார். அதற்கு முந்தின வருடம் ஒரு சங்கரா வகை மீனுக்கு "ஜானி" என்று வைத்திருந்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு பெயர். ஜானியஸ் பேரினத்திலேயே ஒரு மீனுக்கு "கருட்டா" என்று ப்ளாக் பெயர் கொடுத்தார். லத்தீன் அகராதியைப் புரட்டினால் கிடைக்காது. அது "கருத்த" கத்தாளை! பெர்லினில் இருந்த ஒரு டாக்டர், தரங்கம்பாடி மீனவர் வாயில் வந்த தமிழ்ச் சொல்லை அப்படியே விஞ்ஞானப் பெயராக்கிவிட்டார். கடலில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் சொன்ன ஒரு பெயரடை மட்டும் இருநூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க மீன் புத்தகங்களில் இருக்கிறது.

அந்த ஐந்தாறு வருடங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். 1790-ல் கரிமீன். 1791-ல் சூரினாமின் மண் தின்னி. 1792-ல் பனையேறிக் கெண்டை. 1793-ல் விரால். 1794-ல் தேளி. 1795-ல் பள்ளத்தி. நம் வயலிலும் வாய்க்காலிலும் குளத்திலும் கிடக்கும் மீன்களில் பாதிக்கு ஞானஸ்நானம் நடந்தது அந்தச் சில வருடங்களில்தான். (பனையேறிக்குத் தனிக் கதை உண்டு. டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி, தரங்கம்பாடிப் பக்கம் ஒரு பனைமரத்தில் அந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791-ல் பார்த்ததாக எழுதி, அது 1797-ல் லண்டனில் அச்சானது. மீன் மரம் ஏறுமா என்ற சண்டை அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. அதை வேறொரு கட்டுரையில் பார்ப்போம்.)

ப்ளாக்கின் கண்ணுக்கு ஒன்று மட்டும் தப்பிவிட்டது. கரிமீனையும் பள்ளத்தியையும் அவர் கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்தார், உடல் தட்டையாக உருண்டையாக இருந்ததால். சூரினாம் மீனைக் கடல் மீன்களின் இன்னொரு கூட்டத்தில் வைத்தார். மூன்றும் ஒரே குடும்பம் என்று அவருக்குத் தெரியாது. இன்னொன்று, கரிமீனின் விஞ்ஞானப் பெயரில் சூரத் நகரம் உட்கார்ந்திருக்கிறது: சுராடென்சிஸ். குஜராத்துக்கும் அந்த மீனுக்கும் என்ன சம்பந்தம்? அதன் வீடு கேரளக் காயல்களும் தமிழகக் கழிமுகங்களும் இலங்கையும். பெயர் வைத்தால் வைத்ததுதான், விதி அப்படி.

மண் தின்னிக்கு "ஜியோபேகஸ்" என்ற பட்டம் வந்தது 1840-ல். யோஹான் நாட்டரர் என்ற ஆஸ்திரியர் 1817-லிருந்து 1835 வரை பிரேசில் காடுகளில் அலைந்து சேர்த்த மீன்களை, வியன்னாவில் உட்கார்ந்து ஹெக்கல் ஆராய்ந்து அந்தப் பெயரைக் கொடுத்தார். இன்றைக்கும் இந்தக் கூட்டத்தில் புதுப் பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. கடைகளில் "ரெட் ஹெட் தபஜோஸ்" என்று பல வருடம் விற்றுக்கொண்டிருந்த மீனுக்கு முறையான விஞ்ஞானப் பெயர் 2022-ல்தான் கிடைத்தது. அதே போல "சூரினாமென்சிஸ்" என்று சீட்டு ஒட்டி விற்பதில் பெரும்பாலானவை அமேசான் பக்கத்து வேறு இனங்கள். உண்மையான சூரினாம் மீன் கடைக்கு வருவது அபூர்வம். அந்தப் பெயரைக் கேட்டுக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள்.

சரி, தென் அமெரிக்க ஆற்று மீனும் காவிரிக் கழிமுக மீனும் எப்படிச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்? நடுவில் இரண்டு பெருங்கடல்கள் இருக்கின்றனவே. கரிமீனுக்கு நெருங்கிய உறவு மடகாஸ்கரில் இருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி வருடங்களுக்கு முன் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த நிலங்கள். அதற்கும் முன்னால் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டியிருந்தன. ஆகவே கோண்ட்வானா உடைந்தபோது மீன்களும் பாகம் பிரித்துக்கொண்டு போயின என்பது ஒரு கட்சி. எதிர்க்கட்சி கேட்கும் கேள்வியும் வலுவானது: அப்படியானால் பழைய புதைபடிவம் எங்கே? கிடைத்திருக்கும் மிகப் பழைய சிக்லிட் புதைபடிவம் தான்சானியாவில், சுமார் 4.6 கோடி வருடம்தான். எனவே கொஞ்சம் உப்பு தாங்கும் மீன்கள் பிற்காலத்தில் கடலைக் கடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு முதல் கட்சி பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது.

கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் மக்கள் காசு கொடுத்து மீன் பார்த்தது 1909-ல், மெட்ராஸ் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தபோது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. வீட்டுத் தொட்டி பரவியது வெகு பின்னால், சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பு குடிசைத் தொழில்போலப் பெருகிய பிறகு. இன்று தஞ்சாவூர்க் கடையில் பாலித்தீன் பையில் தொங்கும் மீன் பெரும்பாலும் கொளத்தூரைத் தொட்டுவிட்டு வந்ததாகத்தான் இருக்கும். அமேசான் என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம், பிறந்தது ஏதோ ஒரு சிமெண்ட் தொட்டியில்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது, அது நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் சீந்தாத பள்ளத்தி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய வீட்டுத் தொட்டிகளுக்குப் போய்விட்டது. அங்கே ஆராய்ச்சிக்கூடச் செல்லப்பிள்ளையும் ஆகிவிட்டது. அதன் குஞ்சுகள் அப்பா அம்மா உடம்பில் முட்டி முட்டி, தோலில் சுரக்கும் வழவழப்பைத் தின்கின்றன என்பதைப் பற்றி 1967-லேயே ஆய்வுக் கட்டுரை வந்தது. 1972-ல் இன்னொரு கட்டுரை: இந்தச் சின்ன மஞ்சள் மீன், பெரிய கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கிறது என்று. சுத்தம் செய்கிற அதே மீன் சமயம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் தின்றுவிடும். அத்தை மகன் உறவு மாதிரி :-) இந்த மீன்களை இலங்கையின் காயல்களில் உட்கார்ந்து கவனித்தவர்கள் அமெரிக்கர்கள். நம் கரையிலும் இதே மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான பகுதி. டெல்டாக்காரர்கள் எல்லோரும் தின்றிருக்கும் ஒரு சிக்லிட் உண்டு. ஜிலேபிக் கெண்டை. திலேப்பியா என்ற வாயில் நுழையாத பெயரை நம் ஆட்கள் மிட்டாய்க் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று எந்தக் குளத்தில் தூண்டில் போட்டாலும் முதலில் மாட்டுவது அதுதான். குளம் வற்றி மீன் பிடிக்கும் நாளில் கூடை நிறைவதும் அதனால்தான். "முன்னெல்லாம் இது கிடையாதுப்பா, கெண்டையும் கெளுத்தியும் விராலும்தான்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் ஏதோ பழங்கால ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். அது தேதி போட்டுச் சொல்லக்கூடிய உண்மை.

அந்த மீனின் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. 1852-ல் மொசாம்பிக் மீன் என்று பீட்டர்ஸ் என்பவர் பெயர் வைத்தார் (இவரும் பெர்லின்காரர்தான்). 1939-ல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், தெற்குக் கடற்கரையில் ஒரு கழிமுகத்தில், முஜாயிர் என்ற கிராமத்துக்காரர் அதுவரை பார்த்திராத ஐந்து மீன்களைப் பிடித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். அந்த ஐந்து மீனிலிருந்து பெருகியதுதான் ஆசியா முழுக்கப் பரவியது என்பது மீன் வரலாற்றில் பிரபலமான கதை. இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். ஆப்பிரிக்காவில் இருந்த மீன் ஜாவாவுக்கு எப்படி வந்தது? யாரோ தொட்டியில் வளர்க்கக் கொண்டுவந்து விட்டது என்பதுதான் பலருடைய ஊகம்.

போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் அது தீவு தீவாகத் தாவியது. 1952-ல் இலங்கைக்கு வந்தது. அதே 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, தமிழகத்தில் அது முதலில் இறங்கிய இடம் மண்டபம். கெட்ட எண்ணத்தில் யாரும் கொண்டுவரவில்லை. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம், சோற்றுக்கே திண்டாட்டம், எதைப் போட்டாலும் தின்று எந்தத் தண்ணீரிலும் வாழ்ந்து மளமளவென்று பெருகும் மீன் என்றால் எந்த அதிகாரிதான் வேண்டாம் என்பார்? இலங்கையின் பழைய ஏரிகளில் அது பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பும் கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது.

ஆனால் நம் குளங்களில் நடந்தது வேறு. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் சேதாரம் குறைவு. உள்ளங்கை அளவு வருவதற்குள்ளேயே இனப்பெருக்கம் தொடங்கிவிடும், வருடத்துக்குப் பல தடவை. குளம் முழுக்கக் குட்டி குட்டியாக நெரிந்து, எதுவும் பெரிதாக வளராமல், கெண்டைக் குஞ்சுக்கு விட்ட தீனியையும் அதுவே தின்றது. 1959-லேயே மத்திய அரசின் மீன் ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்ப வேண்டாம் என்று தடை போட்டது. வந்து ஏழே வருடம்! ஆனால் மீனுக்குத் தடை உத்தரவு வாசிக்கத் தெரியாதே. அதற்குள் ஏரி, குளம், அணை என்று போய்விட்டது. அமராவதி அணையில் அதுவே பிரதான மீனாகிவிட்டது. காவிரியில் கேட்கவே வேண்டாம்.

டெல்டாவின் அமைப்பே இந்தப் பரவலுக்கு ஒத்தாசை செய்தது என்பது என் எண்ணம். கல்லணையில் பிரிந்த தண்ணீர் ஆறாகி, வாய்க்காலாகி, கண்ணியாகி, வயலில் புகுந்து, குளத்தை நிரப்பி, வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. ஒரு குளத்தில் விட்ட மீன் அந்தக் குளத்தோடு நிற்காது. 1934-ல் மேட்டூர் வந்த பிறகு ஜூன் 12 என்றால் தண்ணீர், ஜனவரி 28 என்றால் அடைப்பு என்று ஒரு கணக்கு வந்தது (தண்ணீர் இருக்கும் வருடங்களில்). வருடத்தில் நாலைந்து மாதம் வாய்க்கால் காய்ந்து, குட்டையில் தேங்கிய சூடான கலங்கல் தண்ணீரில் எது தாக்குப்பிடிக்கிறதோ அது அடுத்த ஜூனில் ஊரெங்கும் பரவும். அந்தப் பரீட்சையில் விரால், பனையேறி, தேளி எல்லாம் வெளிக்காற்றைச் சுவாசித்துத் தேறும். ஜிலேபி வெறும் முரட்டுத்தனத்தில் தேறும். கழிமுகத்தில் கரிமீன் மேயும் அதே பாசியையும் வண்டலையும் தான் மேய்கிறது. கரிமீன் ஒரு ஜோடி சேர்ந்து ஒரே இடத்தில் முட்டை ஒட்டி வைத்து, சேற்றில் வாயால் சின்னக் குழி தோண்டிக் குஞ்சை அதில் மாற்றி மாற்றி வைத்து, வாரக்கணக்கில் காவல் காக்கும் மீன். அந்த நிதானமான குடும்ப வாழ்க்கைக்கு நெரிசல் ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்வது சரியா தெரியவில்லை. உலகத்தை வென்ற அந்த மொசாம்பிக் திலேப்பியா, சொந்த ஆப்பிரிக்காவில் இன்று ஆபத்தான நிலையில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நைல் திலேப்பியாவோடு கலந்து தன் இனத்தூய்மையை இழந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டில் இப்போது "கிப்ட்" என்ற மேம்படுத்திய நைல் திலேப்பியாவை உரிமம் பெற்று வளர்க்க அனுமதி உண்டு. அதன் இனவிருத்தித் திட்டத்தை இந்தியாவில் நடத்தும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தலைமையகம் எங்கே தெரியுமா? நம் சீர்காழிப் பக்கம். சுற்றிச் சுற்றிக் கதை டெல்டாவுக்கே வருகிறது!

இந்தப் பின்னணியோடுதான் நான் வீட்டில் மண் தின்னி வளர்ப்பதைப் பார்க்கிறேன். வளர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அழகான, சாதுவான மீன். எப்படி வளர்ப்பது என்பதில் நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் மணல். கடையில் வண்ணக் கல் போட்ட தொட்டியைத்தான் காட்டுவார்கள். கூழாங்கல்லில் மண் தின்னியை விடுவது, பல் இல்லாதவருக்கு முறுக்கு கொடுப்பது போல. அள்ளிச் சலிக்க முடியாமல் அது சுணங்கிப் போகும். நைசான ஆற்று மணல் இரண்டு அங்குலம் வேண்டும். காவிரி மணல் இதற்கென்றே செய்தது போன்றது: பல நூறு மைல் உருண்டு வந்ததால் முனை மழுங்கியது. வீடு கட்ட இப்போது வாங்கும் எம்-சாண்ட் கூடவே கூடாது. அது பாறையை உடைத்த தூள், ஒவ்வொரு மணியும் கூர்மை. மீன் நாள் முழுக்க அதைச் செவுள் வழியாகக் கொட்டினால் செவுள் என்ன ஆகும்?

ஆனால் "காவிரி மணல்" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. கொள்ளிடத்தில் லாரி லாரியாக மணல் போனதைப் பார்த்த தலைமுறை நாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில், 1836-ல் கட்டிய மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போனபோது மணல் கொள்ளைதான் காரணம் என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது. தொட்டிக்குத் தேவை ஒரு சிமெண்ட் சாக்கில் பாதிதான். வீட்டு வேலை முடிந்த இடத்தில் மிச்சமாகக் கிடப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, வடிதண்ணீர் தெளியும் வரை வாளியில் அலசுங்கள். பத்துப் பதினைந்து தடவை ஆகும், சோம்பல்பட்டால் தொட்டி ஒரு வாரம் டீ நிறத்தில் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். இந்த மீன்கள் மென்மையான தண்ணீரில் வாழ்பவை. கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். நாகை, வேதாரண்யம் நண்பர்கள் மழை நீரைச் சேர்த்துக் கலந்துகொள்வது நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைக்க வேண்டும். சூட்டைப் பற்றிக் கவலை இல்லை. 26-லிருந்து 30 டிகிரி அவற்றுக்குப் பிடித்தது, தஞ்சாவூர் அதை இலவசமாகவே தருகிறது. மே மாதத்தில் அதற்கும் மேல் போகும்போதுதான் தண்ணீரில் பிராணவாயு குறையும். காற்றுக் குமிழி இயந்திரம் நிற்கக் கூடாது, மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி மாடல் கைவசம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீராவது மாற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீரில் இவற்றுக்குத் தலையில் குழி விழும் நோய் வரும். செடி நட்டால் மறுநாள் மிதக்கும், அதனால் தொட்டியில் வைத்துத்தான் நட வேண்டும்.

மிக முக்கியமானது அளவு. கடையில் இரண்டு அங்குலக் குஞ்சு. வளர்ந்தால் 20, 25 சென்டிமீட்டர். தனியாக இருந்தால் மிரளும், ஐந்தாறாவது வேண்டும். அப்படியானால் நாலைந்து அடி நீளமும் முந்நூறு லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் உள்ள தொட்டி. விடுதி அறை மேசையில் வைக்கும் இரண்டடித் தொட்டியில் இது நடக்காது. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. இரண்டு வருடம் கழித்து மீன் பெரிதாகி, படிப்பு முடிந்து ஊர் மாறும் நாளில், "பாவம், கொல்ல மனசில்லை, வாய்க்கால்ல விட்டுடலாம்" என்று ஒரு யோசனை வரும். புண்ணியம் என்றுதான் நினைப்போம். தமிழக ஏரிகளில் இன்று வலையைக் கிழித்துக்கொண்டிருக்கும் "டேங்க் கிளீனர்" மீனும் அப்படிப் புண்ணியத்தில் வந்ததுதான். மண் தின்னிகளிலும் பல இனங்கள் ஜிலேபியைப் போலவே குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பவை, நம் ஊர்ச் சூடும் அவற்றுக்குப் பழகினது. வாங்கும்போதே கடைக்காரரிடம் "பெரிசானா திருப்பி எடுத்துக்குவீங்களாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். காசு தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

இடமும் காசும் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு பள்ளத்தி. மூன்றடித் தொட்டியில் ஆறு குஞ்சு விட்டால் அதில் ஒரு ஜோடி தானே சேரும். அதே நைசு மணல் போடுங்கள், முட்டை ஒட்ட ஒரு தட்டைக் கல்லோ உடைந்த பூந்தொட்டியோ வையுங்கள். குஞ்சு பொரிந்ததும் மணலில் குழி தோண்டும் வேலையை இதுவும் செய்யும், மண் தின்னி அளவுக்கு இல்லாவிட்டாலும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு குழி மாற்றினாலும் ஆச்சரியப்படாதீர்கள். கடையில் கேட்கும்போது எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று கேளுங்கள். உப்பு நீரில் வளர்ந்த குஞ்சை நேராக நல்ல தண்ணீரில் கொட்டினால் பூஞ்சை பிடிக்கும். அதே உப்பில் தொடங்கி, ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் நல்ல தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். கல்லுப்பே போதும், அயோடின் கலந்த மேசை உப்பு வேண்டாம்.